கிரகரி: ஏரியும் துறைமுகமும்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்வோர் கிரகரி ஏரியைக் காணாது திரும்புவதில்லை. ஆயினும், அவ்வேரிக்குப் பெயர் தந்த சேர் வில்லியம் கிரகரி, நம் மலைநாட்டுத் தேயிலை கப்பலேறும் கொழும்புத் துறைமுகத்தை உருவாக்க முன்னின்றவர் என்பதை அறிந்தோர் சிலரே. மாணவர்களுக்குத் துறைமுகங்களைப் பற்றிக் கற்பிக்கும்போதெல்லாம் அவருடைய வாழ்க்கையை நான் எடுத்துரைப்பதுண்டு. அதில் போற்றத்தக்கதும் உண்டு, பொறுத்தற்கரியதும் உண்டு.

கிரகரி 1816ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். கூல் என்னும் பெருநிலத்துக்கு உரிய குடும்பம் அவருடையது. அவருடைய கொள்ளுப்பாட்டனார் கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர்பதவி வகித்துச் செல்வம் சேர்த்தவர். 1842இல் கிரகரி பிரித்தானியப் பாராளுமன்றத்துள் புகுந்தார். 1847இல் அயர்லாந்து கொடும் பஞ்சத்தில் துடித்தபோது, வறியோர் உதவிச் சட்டத்தில் அவர் ஒரு விதியைச் சேர்ப்பித்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவன் அதனைக் கைவிட்டாலன்றி அரசின் உதவி பெறவியலாது என்பதே அவ்விதி. வயிற்றுக்காக மண்ணைத் துறந்து வீதிக்கு வந்த குடும்பங்கள் எண்ணிறந்தன. அதே ஆண்டில், குடியானவர்களுக்கு உதவச் சென்ற அவருடைய தந்தையார் பஞ்சக் காய்ச்சல் கண்டு மாண்டார். விதியின் விளையாட்டு என்று இதனைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?

1872இல் கிரகரி இலங்கையின் தேசாதிபதியாக வந்தார். மறு ஆண்டே அவருடைய மனைவி இத்தீவில் காலமானார். துயரத்திடையேயும் அவர் பணியில் தளரவில்லை. அன்று அஞ்சல் கப்பல்கள் தங்கிய துறை காலியே. கொழும்போ திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே சரக்கு ஏற்றுவது பெரும்பாடு. எனினும் மலைநாட்டுக் கோப்பி புகையிரதத்தில் வந்து சேர்ந்த இடம் கொழும்பு. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கிழக்கே வரும் நீராவிக் கப்பல்கள் பெருகின. விளைபொருள் ஓரிடத்தும் கப்பல் வேறோரிடத்துமாக நிற்பது நாட்டுக்கு நன்றன்று என உணர்ந்த கிரகரி, கொழும்பையே தேர்ந்தார்.

திட்டம் வகுத்தவர் சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளர். தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். மகரவில் கைதிகள் கல்லுடைத்தனர். கிரகரி 1877இல் பதவி துறந்து சென்றார். அலைதாங்கி முற்றுப்பெற்றதோ 1885இல். பிற்காலத்தார் மேலும் இரு அலைதாங்கிகளைச் சேர்த்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறையை நிறைவாக்கினர். தம் பதவிக்காலத்துக்குள் பயன் காணவியலாத பணியைத் தொடங்குவதற்கு ஆட்சியாளருக்கு ஒரு தனித் துணிவு வேண்டும்.

கோப்பிக்காகக் கருதப்பட்ட துறை கோப்பிக்கு நெடுநாள் உதவவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை கொண்டது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. அடுத்த ஆண்டே கொழும்பில் அலை அடங்கிய துறை ஆயத்தமாக நின்றது. இன்ன சரக்கென்று பாராது, வரவிருக்கும் வாணிபத்துக்கு இடம் வைத்துக் கட்டியதே அத்திட்டத்தின் மேன்மை எனக் கொள்கிறேன்.

கிரகரியும் கூட்டும் ஒரே ஆண்டில் பிறந்து, 1892 மார்ச்சு மாதத்தில் சில நாள் இடைவெளியில் மறைந்தனர். கிரகரி நிறுவிய கொழும்பு நூதனசாலையின் முன் அவர் சிலை நிற்கிறது. மகரவில் கல்லுடைத்தவர்க்கும், இம்மலைகளில் கோப்பியும் தேயிலையும் சுமந்த நம் முன்னோர்க்கும் அத்தகைய சிலை இல்லை. அயர்லாந்தில் ஏழையின் கால் ஏக்கரைக் கணக்கிட்ட அதே கண், இங்கே ஐம்பதாண்டுக்கு அப்பாலும் நோக்கியது. நெடுநோக்கு அறிவின் சிறப்பு. அது யாருக்காக நோக்குகிறது என்பதே அறத்தின் வினா. துறைமுகம் அமைப்போரும் தோட்டம் ஆள்வோரும் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணல் வேண்டும்.