பூனைக்குட்டியைத் தெருவில் விட்டால் குற்றமா? 1960 சட்டமும் ருக்மணி தேவி அருண்டேலும்

அட்டைப்பெட்டியில் நாலு பூனைக்குட்டிகளைப் போட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கமோ மார்க்கெட் பின்னாலயோ ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிட்டுப் போவது தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என எந்த ஊருக்கும் புதுசு இல்லை. பூனைதானே, எப்படியும் பிழைச்சுக்கும் என்று ஒரு சமாதானம் வேறு.

ஆனால், சட்டப்படி இது குற்றம். அந்தச் சட்டம் தர்மபுரி மாவட்டத்தைவிட 5 வயது மூத்தது. சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965-ல். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960-ல். இதற்கு விதை போட்டவர் வக்கீல் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. ஒரு பரதநாட்டியக் கலைஞர்!

யார் இந்த ருக்மணி தேவி?

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொறியாளர், பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். பிறகு குடும்பம் சென்னை அடையாறுக்குக் குடிபெயர்ந்தது. உயிர்களிடம் கருணை, சைவ உணவு என்ற சூழலில்தான் ருக்மணி வளர்ந்தார்.

1920-ல், 16 வயதில், அந்தச் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைத் திருமணம் செய்தார். அன்றைய மெட்ராஸில் இதற்குப் பெரிய எதிர்ப்பு. அடுத்த எதிர்ப்பு 1935-ல். தேவதாசி மரபுப் பெண்கள் மட்டுமே ஆடிவந்த சதிரைக் கற்றுக்கொண்டு, பிராமணக் குடும்பத்துப் பெண்ணான அவர் அடையாறில் மேடையேறினார். மறு வருஷமே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஊர் என்ன பேசும் என்று யோசித்து நிற்கிற ஆள் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நடனத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு

1952-ல் ராஜ்யசபா முதன்முதலாக அமைந்தபோது, நியமன உறுப்பினர்களாக 12 பேர் தேர்வானார்கள். அதில் ஒரே பெண் ருக்மணி தேவி. கலைக்காக வந்த பதவி அது. ஆனால், அவர் கையில் எடுத்தது விலங்குகள் விஷயத்தை.

அதுவரை நாட்டில் இருந்தது 1890-ல் பிரிட்டிஷ் அரசு போட்ட சட்டம். வீட்டு விலங்குகளையும் பிடித்து வைக்கப்பட்ட விலங்குகளையும் மட்டுமே அது கணக்கில் எடுத்தது. யாருக்கும் சொந்தமில்லாத தெருப்பூனைக்கு அதில் இடமே இல்லை.

ருக்மணி தேவி தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு, அரசே விரிவான மசோதா கொண்டுவரும் என்று உறுதி கொடுத்து, அதை வாபஸ் வாங்கச் சொன்னார். அவரும் வாங்கினார். கமிட்டி அமைந்தது, வருஷங்கள் ஓடின. 1960 டிசம்பரில்தான் சட்டம் வந்தது.

அவர் கேட்டது எல்லாம் கிடைத்ததா?

இல்லை. விலங்குகளை வைத்து ஆய்வு செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, கண்காணிக்க ஒரு கமிட்டிக்கு மட்டும் வழி செய்தது. மதச் சடங்குக்காக விலங்கைக் கொல்வதற்கும் விலக்கு உண்டு.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் பெரியவை. ஒன்று, மனிதரைத் தவிர எந்த உயிரும் 'விலங்கு'தான் என்று சட்டம் வரையறுத்தது. தெருப்பூனை உள்ளே வந்தது இப்படித்தான். இரண்டு, பசியாலோ தாகத்தாலோ தவிக்கும்படி ஒரு விலங்கைக் காரணமில்லாமல் கைவிடுவது 11-வது பிரிவின்படி குற்றமானது.

இதே சட்டத்தின்கீழ் 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் உருவானது. முதல் தலைவர் ருக்மணி தேவி. தலைமை அலுவலகம் பல காலம் சென்னையில்தான் இருந்தது. 1977-ல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோதும் அவர் மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார். இன்னும் 5 நாள் இருந்திருந்தால் 82 வயது முடிந்திருக்கும்.

இன்று அந்தச் சட்டத்தின் நிலை என்ன?

இங்கேதான் சிக்கல். கைவிடும் குற்றத்துக்கு முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். பல பத்தாண்டுகளாக மாறாத தொகை. இன்றைக்கு ஒரு பிரியாணிகூட வாங்க முடியாது. மேஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரணையில் இறங்கவும் முடியாது. குற்றம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

கொல்வதும் விஷம் வைப்பதும் வேறு கதை. அதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 2001 விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும், தர்மபுரியிலும்தான். கேள்வி கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

குட்டிகளைப் பார்த்தால் என்ன செய்வது?

உடனே தூக்கிவிடாதீர்கள். தாய்ப்பூனை இரை தேடிப் போயிருக்கலாம். ஆபத்தில்லாத இடம் என்றால், தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். பெட்டியில் கட்டிப்போட்டு விட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். முதலில் உடம்புக்குச் சூடு, பிறகுதான் உணவு. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். கண் திறக்காத குட்டிக்கு, பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடரை 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள்.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால், அட்டைப்பெட்டிக்கே வேலை இருக்காது. 50 ரூபாய் அபராதத்தைவிட அதுதான் பலன் தரும்.