பட்டாணிச் செடிக்குப் படம் பிடித்தவர்: தாதாசாகேப் பால்கே



கார்ட்டூன் என்றால் நம்ம எல்லோருக்கும் உயிர். நூறு வருஷத்துக்கு முன்னாடியே தீக்குச்சிகளை நகர வைத்துப் படம் எடுத்தார் ஒருத்தர். அவர்தான் இந்திய சினிமாவின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் நாம படிக்கும் தாதாசாகேப் பால்கே.

அவருடைய இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. 1870 ஏப்ரல் 30-இல் மகாராஷ்டிராவில், நாசிக் பக்கத்தில் உள்ள திரியம்பகத்தில் பிறந்தார். ஓவியம், போட்டோ, அச்சுத்தொழில் எல்லாம் கற்றார். 1911-இல் பம்பாயில் ஏசுநாதர் வாழ்க்கைப் படம் பார்த்தார். நம்ம நாட்டுக் கதைகளையும் இப்படி எடுக்கணும் என்ற ஆசை வந்தது. அப்போது அவருக்கு வயது சுமார் 40. ஓயாமல் படம் பார்த்து ஆராய்ந்ததில் கொஞ்ச நாள் கண் பார்வையே போய்விட்டது. சிகிச்சைக்குப் பிறகுதான் திரும்பியது. அப்பவும் விடவில்லை. இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து, 1912-இல் லண்டன் போய்த் தொழில் கற்று, கேமரா வாங்கினார்.

பெரிய படம் எடுக்கப் பணம் வேண்டும். யாரும் நம்பவில்லை. என்ன செய்தார் தெரியுமா? தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். எதிரே கேமராவை அசையாமல் வைத்தார். ஒரு மாதத்துக்கு மேல், செடி வளர வளர ஒவ்வொரு படமாக எடுத்தார். அதை ஓட்டிக் காட்டியதும் விதை முளைத்துச் செடியாவது கண் முன்னே தெரிந்தது! பார்த்தவர் கடன் கொடுத்தார். மனைவி சரஸ்வதிபாய் தன் நகைகளையும் தந்தார்.

1913 மே 3-இல் "ராஜா ஹரிச்சந்திரா" வெளியானது. அதில் சந்திரமதியாக நடித்தது ஒரு ஆண். பெண்கள் யாரும் நடிக்க வராத காலம் அது. ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது. சரஸ்வதிபாய் இருட்டறையில் பிலிமுக்கு ஓட்டை போட்டார், வெயிலில் வெள்ளைத் துணி பிடித்து வெளிச்சம் காட்டினார், வேலை செய்த அத்தனை பேருக்கும் சமைத்தும் போட்டார். அவர் பெயர் நிறைய பேருக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1915 வாக்கில் தீக்குச்சிப் படம் எடுத்தார். குச்சியை வைத்து ஒரு படம், துளி நகர்த்தி இன்னொரு படம். அந்தக் காலத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 16 படம். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 960 தடவை! எவ்வளவு பொறுமை பாருங்கள்.

1931-இல் பேசும் படம் வந்தது. ஒரே மழையில் பாத்தி உப்பு கரைகிற மாதிரி அவருடைய மௌனப் படங்களுக்கு மவுசு போனது. 1944 பிப்ரவரி 16-இல் நாசிக்கில் காலமானார். 1969 முதல் அவர் பெயரில் மத்திய அரசு விருது தருகிறது. நம்ம சிவாஜி கணேசனும் கே.பாலசந்தரும் அதைப் பெற்றவர்கள்.

நம்ம மரக்காணம் உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் உப்பாக மாறும் அந்த நேரத்தை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறோமா? இன்று தண்ணி, சில நாள் கழித்து வெள்ளை உப்பு. நடுவில் நடப்பது தெரியாது. வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் போதும், பட்டாணிக்கு அவர் செய்ததை நாம உப்புக்குச் செய்யலாம். செல்போன் இல்லாதவர்கள் பழைய நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு படம் வரைந்து, வேகமாகப் புரட்டிப் பாருங்கள். யார் முதலில் செய்கிறீர்கள்?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி