சார்லஸ் ரோல்ஸ்

சார்லஸ் ஸ்டுவர்ட் ரோல்ஸ் (ஆகஸ்ட் 27, 1877 – ஜூலை 12, 1910) பிரித்தானியாவின் தானுந்து முன்னோடிகளுள் ஒருவரும் வானோடியும் ஆவார். ஹென்றி ராய்சுடன் இணைந்து ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் என்ற வகையில் இவர் பெயர் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. சட்டம் அனுமதிக்கும் வேகத்தை விட மிகுதியான வேகத்தில் ஓடக்கூடியனவாகத் தானுந்துகள் செய்யப்படுவது ஏன் என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகின்றது. அக்கேள்வி பிரித்தானியாவில் முதன்முதலாக எழுந்த காலமும் இவருடைய வாழ்நாளும் ஒன்றே. வேக வரம்பை மீற இயலாதவாறு வடிவமைக்கப்பட்ட தானுந்து ஒன்றை இவருடைய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்து தோல்வி கண்டது என்பது பலரும் அறியாத செய்தி.

பிறப்பும் கல்வியும்

ரோல்ஸ் இலண்டனில் பெர்க்லி சதுக்கத்தில் பிறந்தார். இவருடைய தந்தை ஜான் ஆலன் ரோல்ஸ் பின்னாளில் லாங்காட்டக் பிரபு என்ற பட்டம் பெற்றவர். வேல்சு எல்லையில் உள்ள மான்மத் நகருக்கு அருகில் குடும்பத்தின் பெரும் பண்ணை மாளிகை இருந்தது. மூன்றாவது மகனான இவர் ஈட்டன் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். கல்லூரியில் இவர் எடுத்துக்கொண்ட பாடம் இயந்திரவியலும் பயன்பாட்டு அறிவியலும் ஆகும். பிரபு குடும்பத்துப் பிள்ளைகள் எண்ணெய்க் கறை படியும் தொழில்களை நாடாத காலத்தில் இது சற்று வியப்புக்குரிய தெரிவே. 1898 ஆம் ஆண்டு பட்டம் பெற்ற பின் குரூ நகரில் இருந்த தொடர்வண்டிப் பணிமனையில் சில காலம் பணியாற்றினார்.

1896 ஆம் ஆண்டு, மாணவராக இருக்கும்போதே, பாரிசு சென்று பியூஜோ தானுந்து ஒன்றை வாங்கி வந்தார். கேம்பிரிட்ஜில் ஓடிய முதல் தானுந்துகளில் ஒன்றாக இது கருதப்படுகின்றது. அப்பொழுது பிரித்தானியாவில் 1865 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. குதிரை இன்றித் தானே இயங்கும் ஊர்தி எதுவாயினும் ஊர்ப்புறத்தில் மணிக்கு 4 மைல் (6.4 கிமீ), நகருக்குள் 2 மைல் (3.2 கிமீ) வேகத்தை மீறக்கூடாது என்றும், ஊர்திக்கு முன்பாக ஓர் ஆள் நடந்து செல்லவேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. நீராவி இழுவைப் பொறிகளை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட சட்டம் அது. அதனைத் தளர்த்தக் கோரிய சங்கத்தில் ரோல்ஸ் சேர்ந்து பணியாற்றினார். நவம்பர் 14, 1896 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி முன்னே ஆள் நடக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. வேக வரம்பும் நடைமுறையில் மணிக்கு 12 மைல் (19 கிமீ) ஆக உயர்ந்தது.

வேகப் பதிவுகள்

1897 இல் தொடங்கப்பட்ட பிரித்தானியத் தானுந்துக் கழகத்தின் நிறுவன உறுப்பினர்களுள் இவரும் ஒருவர். இக்கழகம் 1900 ஆம் ஆண்டு நடத்திய ஆயிரம் மைல் ஓட்டத்தில் 12 குதிரைத்திறன் கொண்ட பன்ஆர் வண்டியை ஓட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். தானுந்தையே பார்த்திராத ஊர்களுக்கு அதனை அறிமுகப்படுத்துவதே இவ்வோட்டத்தின் நோக்கமாக இருந்தது.

1903 ஆம் ஆண்டு போர்ட்லாந்து கோமகனுக்குச் சொந்தமான நிலத்தில் அமைந்த தனியார் சாலை ஒன்றில், பிரான்சில் செய்யப்பட்ட மோர்ஸ் வண்டியை மணிக்குச் சுமார் 83 மைல் (133 கிமீ) வேகத்தில் ஓட்டினார். அக்காலத்து உலகப் பதிவை இது விஞ்சியது. எனினும் நேரத்தை அளந்த கருவி ஏற்பு பெற்றதன்று என்பதால் பிரெஞ்சுக் கழகம் இதனை ஏற்கவில்லை. பொதுச் சாலையில் அப்போதும் 12 மைல் வரம்பே இருந்தது. அதாவது சட்ட வரம்பைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு வேகத்தை இவர் எட்டியிருந்தார். அதே ஆண்டு இயற்றப்பட்டு ஜனவரி 1, 1904 முதல் நடைமுறைக்கு வந்த தானுந்துச் சட்டம் வரம்பை 20 மைல் (32 கிமீ) ஆக உயர்த்தியதோடு, வண்டிப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் கட்டாயமாக்கியது.

ராய்சுடன் கூட்டு

1902 ஆம் ஆண்டு தந்தையின் பொருளுதவியுடன் இலண்டனில் தானுந்து விற்பனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பியூஜோ, மினர்வா முதலிய அயல்நாட்டு வண்டிகளே அங்கு விற்கப்பட்டன. தரமான பிரித்தானிய வண்டி ஒன்று தமக்குக் கிடைக்கவில்லையே என்ற குறை இவருக்கு இருந்தது.

மே 4, 1904 அன்று மான்செஸ்டர் நகரின் மிட்லாண்டு விடுதியில் ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவர் இவருக்கு ஹென்றி ராய்சை அறிமுகம் செய்து வைத்தார். ராய்ஸ் வறிய சூழலில் வளர்ந்து, சிறு வயதிலேயே வேலைக்குச் சென்று, தம் முயற்சியால் மின் பொறியியல் தொழிலகம் ஒன்றை நிறுவியவர். அவர் செய்திருந்த இரட்டை உருளைப் பொறி கொண்ட 10 குதிரைத்திறன் வண்டியின் அமைதியான ஓட்டம் ரோல்சைக் கவர்ந்தது. ராய்ஸ் செய்யும் வண்டிகள் அனைத்தையும் ரோல்ஸ் விற்பது என டிசம்பர் 1904 இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1906 ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் முறையாகப் பதிவு பெற்றது. நிறுவனத்தின் மேலாண்மையைக் கவனித்த குளோட் ஜான்சனின் பங்கு பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடப்படுகின்றது.

வரம்புக்குள் அடங்கிய தானுந்து

1905 ஆம் ஆண்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட, சுமார் 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள பொறி ஒன்றை உருவாக்கியது. நகருக்குள் ஓசையின்றி ஓடிய மின்கல வண்டிகளுக்குப் போட்டியாக இது திட்டமிடப்பட்டது. இப்பொறியைக் கொண்ட ஒரு வகைக்கு, சட்ட வரம்பு என்னும் பொருள்படும் லீகலிமிட் என்ற பெயர் இடப்பட்டது. பொறியின் வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் கவர்னர் என்னும் அமைப்பின் மூலம் வண்டி மணிக்கு 20 மைலுக்கு மேல் செல்லாதவாறு செய்யப்பட்டிருந்தது. காவலர்கள் சாலையோரம் மறைந்திருந்து கடிகாரம் கொண்டு வேகத்தை அளந்து தண்டம் விதித்து வந்த காலம் அது. அவர்களைப் பற்றி ஓட்டுநர்களை எச்சரிப்பதற்கென்றே 1905 இல் ஒரு சங்கம் தோன்றியது எனில், இத்தகைய வண்டிக்கு வரவேற்பு இருந்திருக்கவேண்டும் என்றே எவரும் எண்ணுவர்.

நடந்தது வேறு. லீகலிமிட் வண்டியை வாங்கியவராக அறியப்படுபவர் நாளிதழ் அதிபர் ஆல்பிரட் ஆர்ம்ஸ்வர்த் ஒருவரே. எட்டு உருளை வண்டிகள் மொத்தமாக மூன்று மட்டுமே செய்யப்பட்டதாக அறியப்படுகின்றது. அவற்றுள் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. ஒரு வண்டிகூட எஞ்சாத ரோல்ஸ்-ராய்ஸ் வகை இது மட்டுமே.

இதற்கு நேர்மாறாக, செப்டம்பர் 1906 இல் மாண் தீவில் நடந்த டூரிஸ்ட் டிராபி போட்டியில் 20 குதிரைத்திறன் வண்டியை ஓட்டி ரோல்ஸ் வெற்றி பெற்றார். முந்தைய ஆண்டுப் போட்டியில் பற்சக்கரப் பெட்டி பழுதடைந்ததால் இவர் விலகநேர்ந்தது. இம்முறை சராசரி வேகம் மணிக்குச் சுமார் 39 மைல் (63 கிமீ), அதாவது பிரித்தானியச் சாலை வரம்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மாண் தீவு தனக்கெனச் சட்டமன்றம் உடையது. சாலைகளை மூடிப் போட்டி நடத்த அது அனுமதித்தமையாலேயே இப்போட்டி அங்கு நடைபெற்றது. வாங்குவோரை ஈர்த்தது இவ்வெற்றியே.

இதனை வெறும் வேக மோகம் என்று ஒதுக்கிவிட இயலாது. பொறியியல் நோக்கில் ஒரு காரணமும் உண்டு. தோராயமான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இன்றைய 1500 கிலோகிராம் எடையுள்ள தானுந்து ஒன்று சமதளத்தில் மணிக்கு 60 கிமீ வேகத்தில் செல்ல 4 முதல் 5 கிலோவாட்டுத் திறன் போதும். அதே வண்டி பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அதே வேகத்தில் ஏறவேண்டுமானால் புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் மேலும் 24 கிலோவாட்டுக்கு மேல் தேவை. சுமார் 29 கிலோவாட்டுத் திறனுள்ள அவ்வண்டி, தகுந்த பற்சக்கர விகிதம் அமைந்தால், சமதளத்தில் 140 கிமீ வேகத்தை எட்டிவிடும். மலை ஏறுவதற்கும், முந்திச் செல்லும்போது விரைவாக முடுகுவதற்கும் வைத்த திறனே சமதளத்தில் மிகை வேகமாக வெளிப்படுகின்றது. பொறியை அதன் எல்லையில் ஓட்டாமல் பாதித் திறனில் ஓட்டினால் ஓசையும் அதிர்வும் தேய்மானமும் குறையும். ராய்சின் வண்டிகளுடைய புகழ்பெற்ற அமைதிக்கு இதுவும் ஒரு காரணம். 1907 ஆம் ஆண்டு 15,000 மைல் சோதனை ஓட்டத்தில் பெயர் பெற்ற சில்வர் கோஸ்ட் வண்டியின் ஆறு உருளைப் பொறி 7 லிட்டர் கொள்ளளவுடையது.

ஆயினும் திறன் தேவை என்பது வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் விடுவதற்கு முழுமையான விடை ஆகாது. திறனைக் குறைக்காமல் உச்ச வேகத்தை மட்டும் தடுக்க கவர்னரால் இயலும் என்பதை லீகலிமிட் 1905 இலேயே காட்டிவிட்டது. குறுக்கே நின்றது தொழில்நுட்பம் அன்று, வாங்குவோரின் விருப்பமே. பெரும்பாலானோர் மதிக்காத 20 மைல் வரம்பை 1930 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1935 இல் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது. ஓட்டுநரை எச்சரிக்கும் வேகத் துணைக் கருவி ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் எல்லாப் புதிய தானுந்துகளிலும் ஜூலை 2024 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதனையும் ஓட்டுநர் மீறிச் செல்ல முடியும்.

வான்பயணமும் மறைவும்

ரோல்சின் ஆர்வம் விரைவில் வானை நோக்கித் திரும்பியது. 170க்கு மேற்பட்ட முறை பலூனில் பறந்தார். 1901 இல் தோன்றிய வான்கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர். அக்டோபர் 1908 இல் பிரான்சில் வில்பர் ரைட்டுடன் வானூர்தியில் பயணம் செய்தார். பின்னர் ரைட் வகை வானூர்தி ஒன்றை வாங்கி 200க்கு மேற்பட்ட முறை பறந்தார். வானூர்திப் பொறி செய்யுமாறு ராய்சையும் நிறுவனத்தையும் வலியுறுத்தினார். அவர்கள் இணங்கவில்லை. 1910 இல் நிறுவனத்தின் அன்றாடப் பொறுப்புகளிலிருந்து விலகினார். ஜூன் 2, 1910 அன்று ஆங்கிலக் கால்வாயை இடைநில்லாமல் கடந்து மீண்டும் டோவருக்குத் திரும்பினார். இரு திசைகளிலும் இவ்வாறு கடந்த முதல் வானோடி இவரே. பயண நேரம் சுமார் 95 நிமிடங்கள்.

அடுத்த மாதமே, ஜூலை 12, 1910 அன்று, போர்ன்மத் நகரில் நடந்த வான்காட்சியில் இவருடைய வானூர்தியின் வால் பகுதி முறிந்து தரையில் வீழ்ந்தது. ரோல்ஸ் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். அகவை 32. பொறியால் இயங்கும் வானூர்தியின் விபத்தில் இறந்த முதல் பிரித்தானியர் இவர். இவர் கேட்டும் செய்யப்படாத வானூர்திப் பொறியை முதல் உலகப் போரின்போது ராய்ஸ் உருவாக்கினார். ஈகிள் எனப்பட்ட அப்பொறிகள் இரண்டைக் கொண்ட வானூர்தியில்தான் 1919 இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக் பெருங்கடலை முதன்முதலாக இடைநில்லாமல் கடந்தனர்.

ரோல்ஸ் மணம் புரியவில்லை. மான்மத் நகரின் அஜின்கோர்ட் சதுக்கத்தில் உள்ள இவருடைய சிலை 1911 இல் திறக்கப்பட்டது. கையில் வானூர்தி மாதிரி ஒன்றை ஏந்தியவாறு அது நிற்கின்றது. இவருடைய மூத்த சகோதரர் இருவரும் 1916 இல் இறந்ததால் லாங்காட்டக் பிரபு பட்டம் முடிவுற்றது.