கார்க் கைப்பிடிக்கு விடை கொடுத்த கெட்டரிங்

ஆரணிக்குப் பட்டுப் புடவை எடுக்க பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்ற கவலை. காரில் வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால், கார் பழையதாக இருந்துவிட்டால் வேறொரு கவலை வந்துவிடும்.

முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. பெண் வீட்டார் பழைய அம்பாசடரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! கார் கிளம்பவில்லை.

கூட்டம் கூடிவிடுகிறது. பாட்டரி போய்விட்டது என்கிறார் ஒருவர். பிளக்கை மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். பெட்ரோல் வரவில்லை என்று மூன்றாமவர் சத்தியம் செய்கிறார். கடைசியில் மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறார். தேவைப்பட்டால் டெல்கோவைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார்.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் பழைய மெக்கானிக்குகள் பலர் "டெல்கோ" என்கிறார்கள். அது உண்மையில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், கார் ஏன் கிளம்பவில்லை என்ற கேள்விக்கே தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டவர்.

அவர்தான் சார்லஸ் கெட்டரிங்.

கண் நோயால் நின்ற படிப்பு

அமெரிக்காவில் ஓஹியோ மாகாணத்தில் லவுடன்வில் என்ற ஊருக்கு அருகே, 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, ஒரு விவசாயியின் மகனாக கெட்டரிங் பிறந்தார்.

படிப்பில் ஆசை அதிகம். ஆனால் கண்பார்வை சரியில்லை. சிறிது நேரம் படித்தாலே தாங்க முடியாத தலைவலி வந்துவிடும். கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்து பணம் சேர்த்துப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். கண் நோய் முற்றியது. படிப்பை விட்டு வெளியேற நேர்ந்தது.

மனம் உடைந்த அந்த இளைஞர் டெலிபோன் கம்பெனியில் கூலி வேலைக்குப் போனார். கம்பம் நடக் குழி தோண்டினார். கம்பி இழுத்தார். வெட்டவெளியில் வேலை செய்ததால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. மின்சாரம் என்ற வித்தையும் கைக்கு வந்தது. கம்பி நெடுக நடந்து போய், எந்த இடத்தில் கோளாறு என்று தேடுவது டெலிபோன் தொழிலாளிக்கு அன்றாட வேலை. அந்தப் பழக்கம் அவரை ஆயுள் முழுதும் விடவில்லை.

மீண்டும் ஓஹியோ மாகாணப் பல்கலைக் கழகத்துக்குத் திரும்பினார். நண்பர்கள் பாடங்களை உரக்கப் படிக்க, அவர் காதால் கேட்டுக் கற்றார். 1904-ம் ஆண்டு மின்சாரப் பொறியியலில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தேழு.

கல்லாப் பெட்டி சொன்ன பாடம்

டேட்டன் நகரில் கடைகளுக்குக் கல்லாப் பெட்டி யந்திரம் செய்யும் "நேஷனல் காஷ் ரிஜிஸ்டர்" கம்பெனியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது.

அந்தக் காலத்துக் கல்லாப் பெட்டியைக் கையால் சுற்ற வேண்டும். அதை மின்சாரத்தால் இயக்க வேண்டும் என்று கெட்டரிங்கிடம் ஒப்படைத்தார்கள். அதற்குத் தேவைப்படும் பலம் உள்ள மோட்டாரை வைத்தால் பெட்டியை விட மோட்டார் பெரிதாகிவிடுமே என்று பலர் நினைத்தார்கள்.

கெட்டரிங் வேறு மாதிரி யோசித்தார். கல்லாப் பெட்டி நாள் முழுதும் சுற்றுவதில்லை. ஒரு விநாடி சுற்றுகிறது. பிறகு சும்மா இருக்கிறது. சிறிய மோட்டாருக்குக் கணநேரம் மட்டும் அதன் சக்திக்கு மிஞ்சிய வேலை கொடுத்தால் என்ன? சூடு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடுமே!

அந்த யோசனை பலித்தது. கல்லாப் பெட்டி மின்சாரத்தில் ஓடியது. இந்தச் சின்னப் பாடம் சில ஆண்டுகளில் உலகத்துக் கார்களையெல்லாம் மாற்றப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கொட்டகையில் பிறந்த டெல்கோ

அதே கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர் எட்வர்ட் டீட்ஸ். அவர் வீட்டுக்குப் பின்புறம் ஒரு கொட்டகை இருந்தது. மாலையிலும் விடுமுறை நாட்களிலும் கெட்டரிங்கும் நண்பர்களும் அங்கே கூடி, கார் எஞ்சினுக்கு நல்ல மின்பொறி தரும் கருவியைச் செய்து பார்த்தார்கள்.

கருவி வெற்றி பெற்றது. காடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட் அதை ஆயிரக்கணக்கில் வாங்க முன்வந்தார். 1909-ம் ஆண்டு கெட்டரிங் உத்தியோகத்தை விட்டார். டேட்டன் எஞ்சினீயரிங் லாபரட்டரீஸ் கம்பெனி பிறந்தது. அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் டெல்கோ!

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிது. பாட்டரியின் மின்சாரம் "காயில்" என்ற கம்பிச் சுருளில் ஓடுகிறது. அங்கே காந்த சக்தி சேருகிறது. "பாயிண்ட்" என்ற சிறு மின்தொடர்பு திடீரென்று திறக்கிறது. மின்சாரம் நிற்கிறது. சேர்ந்திருந்த காந்த சக்தி சட்டென்று மறைய, காயிலில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் எழுகிறது. அது பிளக்கின் முனையில் பொறியாகத் தெறித்துப் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்கிறது. பாயிண்ட் திறக்கும்போது அதுவே தீய்ந்து போகாமல் காப்பது "கண்டென்சர்".

2014-ம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன அம்பாசடரிலும், பழைய பியட்டிலும், ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் நம் ஊர் மெக்கானிக்குகள் பல ஆண்டுகள் தேய்த்துத் துடைத்தது இந்த ஏற்பாட்டைத்தான்.

கையை முறித்த கைப்பிடி

பொறி கிடைத்துவிட்டது. ஆனால் காரைக் கிளப்புவது? முன்பக்கம் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அதற்கு நல்ல புஜபலம் வேண்டும். பெண்களும் வயோதிகர்களும் கார் ஓட்டத் தயங்கியதற்கு அதுவே பெரிய காரணம்.

அதைவிட மோசம், எஞ்சின் முன்கூட்டியே வெடித்துப் பின்னோக்கி உதைத்தால் கைப்பிடி சுழன்று வந்து அடிக்கும். மணிக்கட்டு முறியும். தாடை உடையும்.

கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர் 1908-ம் ஆண்டு இறந்து போனார். வழியில் நின்றுவிட்ட ஒரு பெண்ணின் காரைக் கிளப்பப் போனபோது கைப்பிடி அடித்த காயமே அதற்குக் காரணம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர் லீலண்டின் நண்பர். இனி எந்தக் காடிலாக் கைப்பிடியும் ஒருவரைக் கொல்லக் கூடாது என்று லீலண்ட் உறுதி கொண்டார். பொறுப்பு கெட்டரிங்கிடம் வந்தது.

மின்சார மோட்டாரால் எஞ்சினைச் சுற்ற முடியாது, அதற்கு மோட்டாரும் பாட்டரியும் கார் அளவு இருக்க வேண்டும் என்றார்கள் நிபுணர்கள். கெட்டரிங் கல்லாப் பெட்டியை நினைத்துக் கொண்டார். எஞ்சினும் சில விநாடிகள் சுற்றினால் போதுமே!

கொட்டகையில் இரவு பகலாக வேலை நடந்தது. 1911-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு காடிலாக்கில் சோதனைக் கருவியைப் பொருத்திவிட்டார்கள். 1912-ம் ஆண்டுக்கான காடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டருடன் வெளிவந்தன. எஞ்சினைக் கிளப்பிய அதே யந்திரம், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றியது. விளக்குக்கும் பொறிக்கும் அதே பாட்டரி.

சில ஆண்டுகளில் மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. கைப்பிடி ஆபத்துக் காலத் துணையாகி, டிக்கியில் போய்ப் படுத்துக் கொண்டது.

அறுந்த இழையைத் தேடு

ஆரணி நெசவாளியின் தறியில் பட்டுப் பாவு நீண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை அறுந்தால் அவர் பாவையே அவிழ்த்து எறிவதில்லை. விழுதிலா, அச்சிலா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். அறுந்த இழையை மட்டும் எடுத்து முடிச்சுப் போடுகிறார்.

கெட்டரிங்கின் வழியும் அதுதான். ஊகத்தின் மேல் பாகங்களை மாற்றக் கூடாது. இந்த இடம் வரை சரி, இதற்கு அப்பால் கோளாறு என்று வரிசையாகப் போக வேண்டும்.

கிளம்பாத அம்பாசடரையே எடுத்துக் கொள்வோம். முதலில் முன் விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இயக்கிப் பார்க்கவேண்டும். விளக்கு மங்கி அணைவது போலானால், பாட்டரி இறங்கியிருக்கலாம். அல்லது பாட்டரி முனைகள் அழுக்கேறியிருக்கலாம். விளக்கு பிரகாசமாகவே இருந்து ஸ்டார்ட்டர் அசையாவிட்டால், ஸ்விட்சிலோ ஸ்டார்ட்டரிலோ குறை. ஸ்டார்ட்டர் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் சுற்றாவிட்டால், பல்சக்கரம் போய்ப் பிடிக்கவில்லை.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? பிளக்குக்கு வரும் வயரைக் கழற்றி, காப்பிட்ட குறட்டால் பிடித்து, எஞ்சின் உலோகத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலப் பொறி பளிச்சென்று வந்தால் பெட்ரோல் பக்கம் தேட வேண்டும். வராவிட்டால் காயிலிலிருந்து வரும் நடு வயரைச் சோதிப்பார்கள். அங்கே பொறி வந்தால் கோளாறு டெல்கோவின் மூடியிலோ, உள்ளே சுற்றும் ரோட்டரிலோ இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடிக்குள் ஈரம் கோத்துக் கொள்வது சகஜம். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். அங்கேயும் பொறி இல்லை என்றால் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

பழியும் பழுதும்

புதிய காடிலாக் எஞ்சின்களில் "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்டது. கெட்டரிங்கின் பாட்டரிப் பொறிதான் காரணம் என்று பழி வந்தது.

அவர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும்படி உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியை ஏவினார். பொறி சரியாகத்தான் இருந்தது. பொறி பற்றிய பிறகு பெட்ரோல் முறைகெட்டு வெடித்ததே சத்தத்துக்குக் காரணம் என்று தெரிந்தது.

இதற்குள் டெல்கோ கைமாறி ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்துவிட்டது. 1920 முதல் 1947 வரை அந்தப் பெரிய கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார் கெட்டரிங். அங்கே 1921-ம் ஆண்டு டிசம்பரில், பெட்ரோலில் ஈயச் சத்துள்ள ஒரு திரவத்தைச் சிறிதளவு கலந்தால் சத்தம் அடங்கிவிடுகிறது என்று மிட்ஜ்லி கண்டுபிடித்தார்.

ஈயம் விஷம் என்பது அப்போதே உலகறிந்த விஷயம். சாராயச் சத்தைக் கலந்தாலும் சத்தம் அடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஈயத்தையே விற்றார்கள். அதற்காக 1924-ல் ஏற்பட்ட "எத்தில்" கம்பெனிக்கு கெட்டரிங் தலைவரானார். அதே ஆண்டு அக்டோபரில், நியூ ஜெர்சி மாகாணத்து ஆலை ஒன்றில் அந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. ஐந்து பேர் மாண்டனர். விற்பனை சில மாதங்கள் நின்றது. மறுபடி தொடங்கிவிட்டது.

ஈயப் புகை உலகெங்கும் பரவியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுத்தது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. இந்தியாவில் 2000-ம் ஆண்டிலும், உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ம் ஆண்டிலும்தான் அது ஒழிந்தது.

எஞ்சினின் சத்தத்தைத் துரத்திப் போனவர், அது கக்கும் புகையைத் தொடர்ந்து போகவில்லை. பழுது தேடும் கலையில் தேர்ந்த அவர் வாழ்வில் நேர்ந்த பெரிய பழுது இதுவே.

கடைசி நாட்கள்

தோல்வியும் அவருக்குப் புதிதல்ல. தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் எஞ்சினை அவர் வற்புறுத்தி, 1923-ல் செவர்லே கார்களில் வைத்தார்கள். அது சூடேறித் தகராறு செய்தது. விற்ற கார்களைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. கெட்டரிங் ராஜினாமா செய்ய முன்வந்தார். கம்பெனித் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் ஏற்கவில்லை. பிறகு ரயில் எஞ்சினுக்கு ஏற்ற டீசல் எஞ்சினைச் செப்பனிட்டு கெட்டரிங் பெரும் வெற்றி கண்டார்.

1945-ம் ஆண்டு ஸ்லோனும் அவரும் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்படக் காரணமானார்கள். இருவர் பெயரையும் அது தாங்கி நிற்கிறது.

1958-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி, தமது 82-வது வயதில் கெட்டரிங் காலமானார்.

இன்றைய கார்களில் பாயிண்டும் கண்டென்சரும் இல்லை. அந்த வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. ஆனால் காயிலில் சேர்த்து, சட்டென்று நிறுத்தி, பொறி எழுப்பும் தத்துவம் பெட்ரோல் கார்களில் அப்படியே இருக்கிறது.

அது சரி, பட்டுக் கடை வாசலில் நின்ற அம்பாசடர் என்ன ஆயிற்று?

மெக்கானிக் விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஸ்டார்ட்டரைத் தட்டியதும் விளக்கு மங்கியது. பாட்டரி முனையில் உப்புப் பூத்தது போல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. முனையைக் கழற்றி, சுடுநீரில் சமையல் சோடாவைக் கலந்து கழுவி, சுரண்டித் துடைத்து முடுக்கினார். டெல்கோவைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. முகூர்த்தப் புடவை புறப்பட்டது.

புதுப் பாட்டரி வாங்கச் சொன்னவர் மட்டும் மெல்ல நழுவிவிட்டார்!