திருப்பிப் பிடித்த பாஞ்சோ!

மத்தளம் போலத் தோல் போர்த்திய வட்ட உடல், நீண்ட கழுத்து, ஐந்து தந்திகள். இதுதான் பாஞ்சோ! அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், 1890களில் பிறந்த எலிசபெத் காட்டனின் அண்ணனிடம் ஒன்று இருந்தது. அண்ணன் வேலைக்குப் போனதும் சிறுமி எலிசபெத் அதை எடுத்து விடுவார். தந்தி அறுந்தால், ஓடி ஒளிந்து கொள்வார்!

அவருக்கு இடக்கைப் பழக்கம். அண்ணனுடைய பாஞ்சோவில் தந்திகளை மாற்றிக் கட்ட முடியுமா? எனவே, கருவியையே திருப்பிப் பிடித்தார். மற்றவர்கள் கட்டை விரலால் மீட்டும் தந்தியை, இவர் மற்ற விரல்களால் மீட்டினார். சொல்லித்தர ஆளில்லை. ஊரார் பாடும் நாட்டுப்பாடல்களைக் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகினார்.

பிறகு, வீட்டு வேலை செய்த பணத்தில், 3.75 டாலருக்குக் கிதார் வாங்கினார். திருமணமானபின் இசையை விட்டுவிட்டார்.

1940களில், வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை செய்தபோது, வழிதவறிய சிறுமி பெக்கியைத் தாயிடம் சேர்த்தார். அது, சீகர் என்ற இசைக் குடும்பம். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர், ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்தார். பழைய பாட்டுகள் மெல்ல மெல்ல விரலுக்குத் திரும்பின.

1958ல் முதல் இசைத்தட்டு வந்தது. 1985ல், தொண்ணூறை ஒட்டிய வயதில், கிராமி விருது பெற்றார். 1987ல் மறையும்வரை, கருவியைத் திருப்பிப் பிடித்துத்தான் வாசித்தார்.