கஸ்தூரிபா துறந்த கழுத்தணி

கஸ்தூரிபா 1869ஆம் ஆண்டு போர்பந்தரில் பிறந்தார். காந்தியடிகளை மணந்து, தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். 1901இல் குடும்பம் தாயகம் திரும்ப முற்பட்டபோது, நேட்டால் வாழ் இந்தியர் பொன், வெள்ளி, வைரப் பொருள்களை அன்பளிப்பாக வழங்கினர். கஸ்தூரிபாவுக்கெனப் பொன் கழுத்தணி ஒன்றும் இருந்தது.

தொண்டுக்குப் பரிசு பெறலாகாது என்று கருதிய காந்தியடிகள், அனைத்தையும் திருப்பித் தர எண்ணினார். பிள்ளைகள் உடன்பட்டனர். கஸ்தூரிபாவோ, வருங்கால மருமகள்களை எண்ணிக் கண்ணீர் மல்க மறுத்தார். அத்தொண்டில் தம் உழைப்பும் உண்டு என வாதிட்டார். நெடிய வாதத்திற்குப் பின் அரைமனத்துடன் இசைந்தார். அப்பொருள்கள் மக்கள் பணிக்கான அறக்கட்டளையின் உடைமையாயின.

பிற்காலத்தில் ஆசிரமங்களில் எளிய வாழ்வு வாழ்ந்த அவர், 1944இல் புனேயில் சிறைக்காவலில் மறைந்தார். விரும்பிய பொருளை விடுவது எளிதன்று. ஆதலாலேயே அவர் செயல் போற்றத்தக்கது.