வில்லங்கம் விதைத்தவர்

வீட்டையோ மனையையோ வாங்க முற்படும் எவரும் முதலில் பார்ப்பது வில்லங்கச் சான்று. அதில் எதிர்பாராத ஓர் அடமானம் தென்பட்டால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். அமெரிக்காவில் நீதிபதிகளும் வரி அதிகாரிகளும் சிற்றூர்ப் பதிவாளர்களும் பல பத்தாண்டுகளாக இந்த அதிர்ச்சியைச் சந்தித்து வருகின்றனர். அவர்கள் வாங்காத கடனுக்குப் பல லட்சம் டாலர் பாக்கி இருப்பதாகக் கூறி, யாரோ ஒருவர் அவர்களது வீட்டின்மீது பற்றுரிமை பதிந்து வைத்திருப்பார். பெரும்பாலும் அவர், அந்த அதிகாரியிடமிருந்து வரி நோட்டீஸ் பெற்றவராகவோ அந்த நீதிபதியிடம் வழக்கில் தோற்றவராகவோ இருப்பார். அரசின் அதிகாரத்தையே ஏற்க மறுக்கும் குழுக்கள் கையாளும் இந்த உத்திக்குக் காகிதப் பயங்கரவாதம் என்று அங்கே பெயர்.

இதன் ஊற்றைத் தேடிச் செல்வோர் வந்து சேரும் பெயர்களில் முதன்மையானது வில்லியம் பாட்டர் கேல். நான் வேளாண் கடன் குறித்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன். 1980-களின் அமெரிக்க விவசாயக் கடன் நெருக்கடியைப் படிக்கப் புகுந்தபோது இந்தப் பெயர் எதிர்ப்பட்டது. வட்டி விகிதத்தையும் நில மதிப்பையும் தேடிப் போன எனக்கு, அந்த நெருக்கடியை விளைநிலமாக்கிக்கொண்ட ஒரு மனிதரின் வாழ்க்கை கிடைத்தது.

1916-ல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்த கேல், இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் முனையில் தளபதி மெக்கார்தரின் தலைமையின்கீழ்ப் பணிபுரிந்தார். 1950-ல் லெப்டினன்ட் கர்னல் நிலையில் உடல்நலக் காரணத்தால் ஓய்வுபெற்று, பின்னர் கலிஃபோர்னியாவில் பங்குத் தரகரானார். அத்துடன் நின்றிருந்தால் வரலாறு அவரைக் கண்டுகொண்டிருக்காது. ஆனால், பள்ளிகளில் நிறப் பாகுபாடு சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் 1954-ல் அளித்த தீர்ப்பும், அதைச் செயல்படுத்த 1957-ல் லிட்டில் ராக் நகருக்கு மத்திய அரசு துருப்புகளை அனுப்பியதும் அவரைப் போன்றவர்களின் கண்ணில் அரசையே பகையாக்கின. வெள்ளையரே இஸ்ரேலின் உண்மையான வாரிசுகள், யூதர்கள் சாத்தானின் வழிவந்தவர்கள் என்று போதித்த ஒரு பிரிவில் அவர் போதகரானார். மாநில ஆளுநர் பதவிக்கும் (அங்கே அது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி) நின்று தோற்றார்.

யூத வெறுப்பையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட அவருடைய தந்தை வழிக் குடும்பம், யூதக் குடியேறிகளின் குடும்பம். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2002-ல் வெளியான தம் நூலில் டேனியல் லெவிடாஸ் என்ற ஆய்வாளர் இதை வெளிக்கொணர்ந்தார்.

கேல் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அவர் 1971-ல் தம் செய்தி மடலில் எழுதத் தொடங்கிய கட்டுரைகள். கவுன்டி எனப்படும் உள்ளூர் மாவட்டமே ஆட்சியின் உச்சம், அதன் ஷெரிஃபே நாட்டின் உயர்ந்த அதிகாரி என்பது அவர் வகுத்த கோட்பாடு. குற்றவாளியைப் பிடிக்க ஷெரிஃப் ஊராரைத் திரட்டிக்கொள்ளும் பழைய ஆங்கிலேய வழக்கத்தின் லத்தீன் பெயரான போஸி காமிட்டாட்டஸ் என்பதையே இயக்கத்திற்குச் சூட்டினார். அரசியலமைப்பை மீறும் அதிகாரியை நண்பகலில் நாற்சந்தியில் தூக்கிலிடலாம் என்றும் எழுதினார். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-ல் கொண்டுவரப்பட்ட 14-ஆவது சட்டத்திருத்தம் கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை வழங்கியது. அதனால் உருவானது அரசுக்கு அடிமையான ஒரு தாழ்ந்த குடியுரிமை என்றும், வெள்ளையருக்கு அதற்கு முற்பட்ட உயர்ந்த குடியுரிமை உண்டு என்றும் இயக்கம் பிரசாரம் செய்தது.

இந்தக் கோட்பாட்டின் சூழ்ச்சி நுட்பமானது. சட்டத்தை மீறுங்கள் என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. நீங்களே சட்டம் என்று சொல்லியது. வரி கட்டாதவன் குற்றவாளி அல்லன், வரி கேட்பவனே குற்றவாளி. ஆகவே, அந்த அதிகாரிமீது வழக்குத் தொடுக்கலாம், குற்றப் பத்திரிகை தயாரிக்கலாம், இழப்பீட்டுக் கணக்குப் போட்டு அவர் வீட்டின்மீது வில்லங்கம் பதியலாம். இயக்கத்தினர் தாங்களே நீதிமன்றங்களை அமைத்தனர், ஜூரிகளை நியமித்தனர். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கிளை இல்லாத ஊராட்சி ஒன்றையே அறிவித்துக்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் அரசு ஊழியராக வேடமிட்ட குற்றத்துக்காக 1983-ல் தண்டிக்கப்பட்டார். முத்திரை, லத்தீன் தொடர், சட்ட விதிகளின் எண்கள் என அவர்களுடைய ஆவணங்களில் எல்லாம் இருந்தன. சட்டம் மட்டும் இல்லை.

இத்தகைய பிதற்றலை யார் நம்புவார்கள் என்ற கேள்வி எழலாம். 1970-களில் தானிய ஏற்றுமதி பெருகியது. நில விலை ஏறியது. வேலி முதல் வேலி வரை பயிரிடுமாறு அரசே ஊக்கப்படுத்தியது. விவசாயிகள் நிலத்தை ஈடு வைத்து நிலம் வாங்கினர். பணவீக்கத்தை அடக்க ஃபெடரல் ரிசர்வ் வங்கி முனைந்தபோது வங்கிகளின் அடிப்படை வட்டி விகிதம் 1980 டிசம்பரில் 21.5 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்கவும் தடை வந்தது. அயோவா மாநிலத்தில் 1981-ல் சராசரியாக 2,147 டாலராக இருந்த ஓர் ஏக்கர் விளைநிலம் 1986-ல் 787 டாலருக்கு இறங்கியது. நில மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, கடன் மட்டும் சுருங்காமல் நின்றது. மூன்று தலைமுறையாக உழுத நிலம் ஏலத்திற்கு வந்தது. இது ஏன் நேர்ந்தது என்பதை அந்த விவசாயியிடம் அமர்ந்து பேச வங்கி மேலாளருக்கு நேரமில்லை. பொருளியலாளர்களாகிய நாங்கள் பேசிய மொழி அவருக்குப் புரியும்படி இல்லை. போஸி இயக்கத்தார் வந்து பேசினார்கள். வங்கி கொடுத்தது பணமே அல்ல, ஆகவே கடனும் செல்லாது என்றார்கள். இதற்கெல்லாம் யூத வங்கியாளர்களே காரணம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

கேலின் குரல் வானொலி வழியாகவும் பரவியது. கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் இயங்கிய ஒரு சிறு வானொலி நிலையம் 1982-ல் அவருடைய வன்முறைப் போதனைகளை ஒலிபரப்பியது; அதன் உரிமத்தை ரத்து செய்யவேண்டும் என்ற கோரிக்கை மத்திய ஆணையம் வரை சென்றது. 1983 பிப்ரவரியில், வரி கட்ட மறுத்துச் சிறை சென்று மீண்ட கார்டன் கால் என்ற வடக்கு டகோட்டா விவசாயி, தம்மைக் கைது செய்ய வந்த இரு மத்திய காவல் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார். நான்கு மாதங்களுக்குள் அவரும் கொல்லப்பட்டார்.

துப்பாக்கி எடுத்தவர்கள் மிகச் சிலரே. எழுதுகோல் எடுத்தவர்கள்தாம் ஏராளம். அவர்களுடைய கதை எனக்கு இன்னும் துயரமானதாகப் படுகிறது. உங்கள் முன்னோர்க்கு அரசு முதன்முதலில் வழங்கிய நிலப் பட்டாவைக் கண்டெடுத்து மீண்டும் உங்கள் பெயரில் பதிந்தால் அதன்பின் வந்த அடமானம் எல்லாம் அழிந்துவிடும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். படிவக் கட்டுகள் விலைக்கு விற்கப்பட்டன. நீதிமன்றங்கள் இந்த வாதத்தைத் தொடர்ந்து தள்ளுபடி செய்தன. வங்கியோடு பேசிக் கடனைச் சீரமைத்துக்கொள்ள எஞ்சியிருந்த சில மாதங்களை இந்தப் படிவங்களை நிரப்புவதில் கழித்தவர்கள், கடைசியில் நிலத்தோடு படிவத்துக்குக் கொடுத்த பணத்தையும் இழந்தார்கள்.

உண்மையான நிவாரணமும் காகித வடிவில்தான் வந்தது. சிறு விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விடாமலே கடனைச் சீரமைத்துக்கொள்ள வழிசெய்யும் திவால் சட்டப் பிரிவை அமெரிக்க நாடாளுமன்றம் 1986-ல் நிறைவேற்றியது. பலருக்கு அது காலங்கடந்து வந்தது என்பதை மறுக்க முடியாது.

அதே ஆண்டில் கேல்மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று. 1984-ல் அவர் மாநிலங்களின் குழு என்ற பெயரில் ஒரு மாற்று அரசையே அறிவித்திருந்தார். அக்குழு வரித் துறை அலுவலர்களுக்கும் ஒரு நீதிபதிக்கும் மிரட்டல் ஆவணங்களை அனுப்பியது. 1987-ல் லாஸ் வேகாஸில் நடந்த விசாரணையில் கேலும் கூட்டாளிகளும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மத்திய நீதிமன்றங்களுக்கு அதிகாரமே இல்லை என்று பல ஆண்டுகள் போதித்தவர், அத்தகைய நீதிமன்றத்திலேயே மேல்முறையீடு செய்தார். அது நிலுவையில் இருக்கும்போதே 1988 ஏப்ரலில், நுரையீரல் நோயால் காலமானார். அவருக்கு வயது 71.

அவர் கண்ட இயக்கம் அதற்குள் சிதறியிருந்தது. முறை சிதறவில்லை. 1990-களில் அதைப் பின்பற்றியவர்கள் தங்களை இறையாண்மைக் குடிமக்கள் என்று அழைத்துக்கொண்டனர். கேல் வாழ்ந்த மாரிபோசாவுக்கு வெகு தொலைவில் இல்லாத ஸ்டானிஸ்லாஸ் கவுன்டியில், வரி பாக்கிக்காக அரசு பதிந்திருந்த வில்லங்கத்தை நீக்குமாறும் தங்கள் போலி ஆவணங்களைப் பதியுமாறும் ஒரு கும்பல் பெண் பதிவாளரை வற்புறுத்தியது. அவர் இணங்கவில்லை. 1994 ஜனவரியில் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் அவர் அடித்து நொறுக்கப்பட்டார், கத்தியால் கீறப்பட்டார். பின்னர் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து மான்டனா மாநிலத்தில் உள்ளூர் அதிகாரிகள்மீது கோடிக்கணக்கான டாலருக்கு வில்லங்கம் பதிந்து, அவற்றை ஈடாகக் காட்டிப் போலிக் காசோலைகளை அச்சிட்ட ஃப்ரீமென் குழு, ஒரு பண்ணையில் புகுந்துகொண்டு மத்தியப் புலனாய்வாளர்களை 81 நாள் காக்கவைத்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் அது முடிந்தது ஒரு நல்வாய்ப்பு.

கேல் உயிரோடிருந்தால் சகித்திருக்க முடியாத ஒன்றும் நிகழ்ந்தது. கறுப்பினத்தவரைத் தாழ்த்துவதற்காகப் பரப்பப்பட்ட அந்தக் குடியுரிமைக் கோட்பாட்டை, தங்களை மூரிஷ் வம்சத்தார் என்று கூறிக்கொள்ளும் கறுப்பினக் குழுக்களே எடுத்துக்கொண்டன. வெள்ளை நிறவெறியரின் படிவங்கள் சிறு மாற்றங்களுடன் அவர்கள் பெயரில் பதிவு அலுவலகங்களுக்கு வந்து சேருகின்றன. கடனில் சிக்கிக்கொண்டு, நீதிமன்ற நடைமுறையைக் கண்டு மிரண்டு நிற்கும் எவருக்கும் அந்தப் படிவம் ஒன்றுபோலவே ஆசை காட்டுகிறது.

இந்த ஆயுதத்தின் வலிமை அதன் விலையில் இருக்கிறது. பதிவதற்குச் சிறு கட்டணமும் ஒரு தாளும் போதும். நீக்குவதற்கோ வழக்கறிஞர், நீதிமன்றம், பல மாத அலைச்சல். தம் வீட்டின்மீது வில்லங்கம் இருப்பதே அதை விற்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. நம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், பத்திரம் எழுதிக்கொடுப்பவர் பதிவாளர் முன் வரவேண்டும் என்கிறது. அங்கே நிலைமை வேறு. ஆவணம் உரிய வடிவில் இருந்தால் பெற்றுக்கொள்வதே பதிவாளரின் கடமை. அது உண்மையா என்று ஆராய்வது அவர் வேலையன்று. 2001-ல் நடைமுறைக்கு வந்த வணிகச் சட்டத் திருத்தம், அசையும் சொத்தின்மீதான கடன் அறிவிப்பில் கடனாளியின் கையெழுத்தே தேவையில்லை என்றாக்கியது. கடன் விரைவாகக் கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கம்தான். அந்த வாசல் வழியாகவே போலி அறிவிப்புகளும் நுழைந்தன.

2008-ல் அமலான மத்தியச் சட்டம், நீதிபதிகள்மீதும் மத்திய அதிகாரிகள்மீதும் பொய்யான பற்றுரிமை பதிவதைப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பல மாநிலங்களும் தனித்தனியே சட்டங்கள் இயற்றியுள்ளன. சில, ஐயத்துக்குரிய ஆவணத்தை மறுக்கும் அதிகாரத்தைப் பதிவாளருக்கே அளிக்கின்றன. இந்தக் கடைசி வழி எனக்கு உவப்பானதன்று. சாளரத்துக்குப் பின்னால் இருப்பவர் மனுவின் நியாயத்தை அளக்கத் தொடங்கினால், முதலில் திருப்பி அனுப்பப்படுபவர் கூலி பாக்கிக்காக உண்மையான பற்றுரிமை கோரிவரும் தச்சராகவோ குழாய்ப் பணியாளராகவோ இருக்கக்கூடும். கட்டணத்தை உயர்த்தினாலும் அவருக்கே இழப்பு. ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு, அது யார் சொத்தைப் பற்றியதோ அவருக்கு உடனே தகவல் அனுப்பி, அவர் மறுத்தால் சில நாள்களுக்குள் செலவின்றி நீதிபதி முன் நீக்கிக்கொள்ள வழிசெய்து, பொய் என்று நிறுவப்பட்டால் பதிந்தவரிடமே செலவை வசூலிக்கும் முறையே எனக்கு ஏற்புடையது. அதற்குக் கூடுதலாக நீதிபதிகளும் பணியாளர்களும் தேவை. கவுன்டிகளின் வரவுசெலவுத் திட்டங்களில் அதற்குத்தான் பெரும்பாலும் இடமில்லை.